வாள்காரியின் அத்தான்

சாணைக்கல்லில் இரும்பு படுகிற சத்தம் எனக்குப் பல்லில்தான் இறங்கும். இன்று காலை தெருவில் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதித்து, கல்லைச் சுழலவிட்டு, எவர் வீட்டு அரிவாள்மனையையோ அதில் சாய்த்தார். சர்ரென்று எழுந்து, மெலிந்து, காற்றிலேயே தீர்ந்துபோன ஒரு கீறல். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எனக்கு ஞாபகம் வந்தது ஒரு சீன வாள். உறையை விட்டு அது வெளியே வருகிற சத்தம். அதை உருவிய பெண்ணின் மோவாய்க்குக் கீழே, வெள்ளை எழுத்தில், நான் போட்டுவிட்ட ஒரு சொல். அத்தான்.

அந்தச் சொல்லைப் பற்றி மட்டும்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் அதன் பின்னாலேயே என் வீட்டுக்காரர் வருகிறார், ஆபீஸ் வருகிறது, வேலூர் வருகிறது. வரட்டும். எல்லாரும் உட்கார இடமிருக்கிறது.

திண்டுக்கல்லில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிநாட்டுப் படம் போடுவார்கள். போடுவார்கள் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்கு. போடுவது என் வீட்டுக்காரர். பேகம்பூர்ப் பக்கம் ஒரு டியூட்டோரியலின் மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், கரும்பலகையை மறைத்துத் தொங்கும் திரை, வெயிலை மறைக்க ஜன்னலில் ஒட்டிய பழைய பிளெக்ஸ் பேனர்கள். கீழே பிரியாணிக் கடை. படம் பாதி தாண்டும்போது தம் உடைப்பார்கள், சீரகச் சம்பா வாசனை படியேறி வரும். எந்த நாட்டுக்காரன் செத்தாலும் எங்கள் ஊரில் அந்த வாசனையில்தான் சாவான். ஒப்பாரி வைக்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு எச்சில் ஊறும்.

படம் முடிந்ததும் கருத்துச் சொல்ல வேண்டும். அது அவர் வைத்த சட்டம். மைக்கை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, வாயருகே பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் சொன்னதை அவரே இன்னொரு முறை நல்ல தமிழில் சொல்லி முடித்து வைப்பார். தோழர் என்று கூப்பிடுவார்கள் அவரை. அந்த அறையில் அவர் அழகாக இருப்பார். பொய் சொல்வானேன், அந்த அறையில் அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எனக்கு அங்கே இருந்த வேலை சப்டைட்டில். இங்கிலீஷ் வரிகளைத் தமிழாக்கி, ஆள் வாயைத் திறக்கும் நேரத்துக்கும் மூடும் நேரத்துக்கும் நடுவே உட்கார வைப்பது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் உரித்துப் போட்ட பூண்டு. கவிதை எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது, அழுவதற்கும் அதே இரண்டு வரிதான்.

இனி ஆபீஸ். நாங்கள் இருவரும் ஒரே துறை, அரசாங்க உத்தியோகம். நான் முதலில் சேர்ந்தவள். அவர் பிறகு வந்தார், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும் புதுப் பேனாவுமாக. கோப்பில் குறிப்பு எப்படி எழுதுவது, எந்த அதிகாரியிடம் எந்த நேரத்தில் கையெழுத்துக்குப் போகக் கூடாது, எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மேடம் என்றார். நீங்க என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்று அவர் சொல்லும்போது அந்த 'நீங்க'வில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். அந்த நடுக்கத்தைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் "ஏய், காப்பி கொண்டா" என்றார். அந்த ஏய் எனக்கு இனித்தது. உடம்பெல்லாம் இனித்தது. நானும் "இந்தாங்க" என்றேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. நேற்றுவரை அவர் எனக்குக் கொடுத்த 'ங்க'வை ராத்திரியோடு ராத்திரியாக அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பதவி உயர்வு முதலில் எனக்குத்தான் வந்தது. பையன் அப்போது இடுப்பில் இருந்தான், வெளியூர் போட்டிருந்தார்கள், வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு அடுத்தாற்போல் இருந்தவர் அவர். அவருக்கு உள்ளூரே கிடைத்தது, அதே ஆபீஸ், அதே பிரிவு. அன்றிலிருந்து என் கோப்பு அவர் மேசைக்குப் போனது. வீட்டில் என்னங்க, ஆபீசில் சார். காலையில் இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று கோபித்துக்கொண்டவர் பத்து மணிக்கு மேல் என் குறிப்பில் பிழை கண்டுபிடிப்பார். ஆபீசில் மட்டும் எனக்கு 'ங்க' உண்டு. "இதை மாத்தி எழுதிட்டு வாங்க" என்பார், பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி.

போன வருஷம் மறுபடியும் வந்தது. வேலூர். பையன் படித்து முடித்து பெங்களூரில் வேலையில் இருக்கிறான், இடுப்பில் யாரும் இல்லை. இந்தத் தடவையும் வேண்டாமென்றால் அப்புறம் கேட்க மாட்டார்கள், ஓய்வு பெறுகிற வரைக்கும் அதே மேசை, அதே சார். அந்த மாதக் கடைசிக்குள் பதில் கொடுக்க வேண்டும். அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்பார், "எழுதிக் குடுத்துட்டியா?" கேஸ் புக் பண்ணிட்டியா என்பது போல. நான் "இன்னும் இல்லை" என்பேன். மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் இந்த வாள் படம்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மேகத்துக்கு மேலே ஒரு மலை, அதில் ஒரு வாள் பள்ளி. ஒரு சிறுமி அங்கே ஏற்கனவே இருக்கிறாள், மரவாளால் காற்றை வெட்டிக்கொண்டு. பிறகு ஒரு பையன் மழையில் நனைந்து வந்து சேர்கிறான். அவனுக்குக் கால் வைக்கச் சொல்லித் தருபவள் அவள். அவன் அவளை மூத்த சகோதரி என்று கூப்பிடுகிறான், அவள் அவனை இளைய சகோதரன் என்கிறாள். அந்த நாட்டுப் பள்ளிகளில் அப்படித்தானாம், யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்கள் மூத்தவர்கள். நான் சந்தோஷமாக அக்கா என்றும் தம்பி என்றும் அடித்துக்கொண்டே வந்தேன். 'அக்கா, மறுபடியும் ஒரு தடவை காட்டு.' 'தம்பி, தோளை இறக்கு.' நன்றாக ஓடியது. படத்தின் நடுவில் ஒரு பூமரத்தடியில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். காற்று. அவன் அவள் கையைப் பிடிக்கிறான். நான் என்னை மறந்து அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். 'அக்கா, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?'

சிரித்துவிட்டேன். பூண்டுத் தோல் பறந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்காளைக் கட்டிக்கிறானா? அடச்சீ. இதை இப்பிடியே போட்டா பூக்கார அண்ணாச்சி எந்திரிச்சுப் போயிருவாரு."

"அங்க அது சும்மா பள்ளிக்கூட வழக்கம்தாங்க. ரத்த சொந்தம் இல்லை."

"நம்ம சனத்துக்கு அதெல்லாம் யாரு வெளக்கிக்கிட்டு இருக்கிறது? அத்தைமகன்னு வச்சுக்க. அத்தான்னு போடு. கட்டிக்கிற முறை, ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்."

சரியான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. தம்பி இருந்த இடத்தில் எல்லாம் அத்தானை வைக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் வைத்துவிட்டது. அக்காவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை அழித்தால் அந்த இடத்தில் வைக்கத் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தான் தன்னைக் கட்டப்போகிறவளை என்னவென்று கூப்பிடுவான்? ஏய் என்பான். இந்தா என்பான். அல்லது கூப்பிடவே மாட்டான், அவளாகத் தெரிந்துகொண்டு வருவாள். அக்கா இருந்த இடமெல்லாம் வெற்றிடமாக விட்டேன், கூப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் ஏய் போட்டேன்.

வேலை அத்தோடு முடியவில்லை. அத்தான் வந்து உட்கார்ந்த பிறகு வினைச்சொற்கள் ஒவ்வொன்றாகக் குனிய ஆரம்பித்தன. அத்தானை நீ என்று சொல்ல முடியுமா? வா என்று சொல்ல முடியுமா? 'தோளை இறக்கு' என்றவள் 'தோளைக் கொஞ்சம் இறக்குங்க அத்தான்' என்றாள். 'தப்பு, திரும்பச் செய்' என்றவள் 'இப்படிச் செஞ்சா இன்னும் நல்லா வரும்ங்க' என்றாள். அவனுக்கோ ஒரு பாடும் இல்லை. 'அக்கா, காட்டு' என்றிருந்தவன் 'ஏய், காட்டு' என்றான். வாளைப் பிடிக்கத் தெரியாதவன் அதிகாரமாகக் கற்றுக்கொண்டான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிறது. பள்ளியின் கிழ ஆசிரியர் சாகும்போது வாளை அவளிடம் நீட்டுகிறார். அவள் அதை அவனிடம் கொடுக்கிறாள். இங்கிலீஷில் இருந்தது 'நீ வைத்துக்கொள்' என்பது மட்டும்தான். நான் போட்டது, 'நீங்களே வச்சுக்கங்க அத்தான், எனக்கெதுக்கு.' அந்த எனக்கெதுக்கு எங்கிருந்து வந்தது? படத்தில் இல்லை. அவள் வாய் அத்தனை நேரம் அசையக்கூட இல்லை. என் விரலில் ரெடியாக இருந்தது, வந்து விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. சண்டைப் படம் என்றால் எங்கள் வட்டத்துக்கு ஆள் சேரும், ஈரான் படத்துக்கு வராதவர்கள் எல்லாம் வருவார்கள். தாடிக்கொம்புப் பக்கம் சம்பங்கி போட்டிருக்கும் அண்ணாச்சி, தோல் வியாபாரம் பார்க்கும் பாய் ஒருவர், எங்கள் துறையிலேயே பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், கல்லூரிப் பையன்கள். நான் திரைக்குப் பக்கவாட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து படம் தெரியாது, பார்க்கிறவர்களின் முகம்தான் தெரியும். வாள் ஒளி முகத்துக்கு முகம் தாவிப் போகும். அவள் ஒரு மூங்கில் உச்சியிலிருந்து அடுத்த மூங்கிலுக்கு நடந்தபோது அண்ணாச்சியின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

முடிவில், பள்ளியை அழிக்க வந்தவர்களை அவள்தான் பாலத்தில் நின்று தடுக்கிறாள், மரவாளை வைத்துக்கொண்டு. அவன் வெற்றி முரசு கொட்டச் சொல்கிறான். விடிகிற நேரத்தில் அவள் மலையிறங்கிப் போகிறாள். வசனம் இல்லை. எனக்கும் வேலை இல்லை. காலடிச் சத்தம், பனி, அவ்வளவுதான்.

விளக்கைப் போட்டார்கள். மைக் கிளம்பியது.

பூக்கார அண்ணாச்சி படத்தைப் பாராட்டிவிட்டு, அம்புட்டு ஒசரத்திலிருந்து குதித்தால் முழங்கால் என்னத்துக்காகும், இதெல்லாம் கயிறு கட்டித் தூக்குகிற வேலை என்றார். பிறகு செத்த நேரம் யோசித்து, அந்தப் புள்ளைக்கு அத்தான் மேல் பாசம் இருந்திருந்தால் போயிருக்காது என்றார். தோல் வியாபாரி பாய்க்கு வாளைவிட வாளுறை மீதுதான் கண். அந்த மழையில் அந்தத் தோல் நாறிப் போயிருக்கும், படம் எடுத்தவனுக்கு மூக்கு இல்லை என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கடைசியில் அங்கேயே வந்து நின்றார். போகிறவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், காலையில் எழுந்து தேடுகிறவன் மனசு என்ன பாடுபடும். ஓய்வு பெற்ற சார் எழுந்து நின்று பேசினார். வித்தை தலைக்கேறிவிட்டது என்பது அவர் கருத்து. "கடைசி வரைக்கும் எம்புட்டு மரியாதையா பேசுனா, பாத்தீங்களா. அப்பேர்ப்பட்ட குடும்பப் பொண்ணு கடைசியில இப்பிடிப் பண்ணிருச்சே." தலைகள் ஆடின. கல்லூரிப் பையன்களில் ஒருவன், அவள் போனது சரிதான், ஆனால் அவனை மன்னித்துவிட்டுப் போயிருக்கலாம் என்றான்.

நான் அவள் வாயில் திணித்த மரியாதையை எடுத்து வைத்தே அவளைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். என் சாட்சியில் தீர்ப்பு எழுதினார்கள். அண்ணாச்சிக்கு அவள் யாரென்று தெரியாது, அவள் எப்படிப் பேசினாள் என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் திரைக்கு அடியில் ஓடிய என் வரி. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. மைக் ஒயரைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கதவருகிலிருந்து ஒரு குரல். கீழே பிரியாணிக் கடைக்காரரின் மருமகள். டீ கொண்டு வருவாள், வந்தவள் காலி டம்ளர் வாங்கிப் போகும் சாக்கில் கடைசிவரை நின்று பார்ப்பாள். அவளிடம் இதுவரை யாரும் மைக்கை நீட்டியதில்லை, அவளும் கேட்டதில்லை.

"ஒரு சந்தேகம்ண்ணே. அந்தப் பையன் மழையில வந்து நிக்கயிலேயே இந்தப் புள்ள கையில வாளு இருந்துச்சுல்ல?"

"ஆமாம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப அவதான சீனியரு? அவதான சொல்லிக் குடுக்குறா? பெறகு எதுக்கு அவன் ஏய், வா, போங்குறான், இவ வாங்க, போங்கங்குறா? என்னையக் கட்டுன மச்சான் என்னைய விட மூத்தவரு, நான் வாங்க போங்கன்னா அதுல ஒரு இது இருக்கு. இவளுக்கு என்ன வந்துச்சு?"

அண்ணாச்சி திரும்பி அவளைப் பார்த்தார். பாய் தாடியைத் தடவினார். என் வீட்டுக்காரர் மைக்கில் சிரித்தார். மைக்கில் சிரிப்பது ஒரு வித்தை, அது அவருக்கு வரும். "அது அந்த நாட்டுப் பண்பாடும்மா. நம்மளை மாதிரியே குடும்பப் பாங்கான சனம். வயசு, படிப்பு எல்லாம் வெளியே. வீட்டுக்குள்ள புருஷன் புருஷன்தான்."

அதற்கும் தலைகள் ஆடின. இவர்களுக்குச் சீனா இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது. வடமதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் மாதிரி ஆகிவிட்டது.

"இல்லை" என்றேன். எனக்கு மைக் இல்லை, ஆனால் கேட்டது. "அந்த நாட்டுல அவன் அவளை அக்கான்னுதான் கூப்புடுறான். படம் பூராவும் அக்காதான். நான்தான் மாத்துனேன்."

அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அக்காளையா கட்டிக்கிட்டான்?"

மாடி அதிர்ந்தது. பையன்கள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார்கள், ஓய்வு பெற்ற சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் அவள் வாளும் பாலமும் அந்தச் சிரிப்பில் போனது போனதுதான். அதன்பிறகு பேசியதெல்லாம் எந்த நாட்டில் யார் யாரைக் கட்டலாம் என்பதைப் பற்றித்தான். பிரியாணிக் கடை மருமகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து "அதான பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். வெயில் மொட்டைப் பாறைக் கோட்டை மேல் வெள்ளையாக அடித்தது. எங்கள் ஊர் மலையில் மேகமும் தங்காது, மூங்கிலும் முளைக்காது. சிக்னலில் நிற்கும்போது முன்னால் பார்த்தபடியே கேட்டார், நாலு பேர் முன்னாடி என்னை எதுக்கு அசிங்கப்படுத்தின. உங்களை நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றும்போது அவர் கேட்டார், "நாளைக்காவது எழுதிக் குடுத்துரு. எத்தனை தடவை சொல்றது?"

"வேண்டாம்னு எழுதல. போறதா இருக்கேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "ஒரு சினிமாவைப் பாத்துட்டா?"

"சினிமாவைப் பாத்து இல்லை. சனம் சொன்னதைக் கேட்டு."

"யாரு, அந்த டீ கொண்டு வர்ற பொண்ணா?"

"அவளும்தான். அண்ணாச்சி சொன்னதும்தான், நம்ம சார் சொன்னதும்தான்."

"அவங்க சீனாக்காரியைச் சொன்னாங்க."

அவருக்கு ரசம் ஊற்றினேன். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ போனா எனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று. அதைக்கூட முழுசாகச் சொல்ல வேண்டாம், நீ போனா என்று ஆரம்பித்து நிறுத்தியிருந்தால் போதும். போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இன்றைக்கும் கசப்பது அதுதான். அவர் சொல்லாதது அல்ல, சொல்லியிருந்தால் நான் அத்தோடு அடங்கியிருப்பேன் என்பது. அம்புட்டு மலிவாக அந்த மேசையில் ரசக் கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். "வேலூர் வெயில் தெரியுமா உனக்கு?" என்றார்.

சாயங்காலம் முகநூலில் விமர்சனம் போட்டார். நீளமாக, அழகாக எழுதியிருந்தார். அவருக்கு எழுத்து வரும், வராது என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆணும் பெண்ணும் நிகரென்று வாள்முனையில் எழுதிக் காட்டும் படம் என்றிருந்தார். மலையிறங்கிப் போகும் அந்தப் பெண்ணின் முதுகைத் தன்னால் மறக்க முடியாது என்றிருந்தார். அந்த முதுகைப் பற்றி மட்டும் ஒரு பத்தி. கீழே இதயங்கள் குவிந்தன. அருமை தோழர். கண்ணீர் வந்துவிட்டது தோழர். ஒருவர் எழுதியிருந்தார், சப்டைட்டிலில் மண்வாசனை தூக்கல், அந்த அத்தான் என்ற சொல் ஒன்று போதும் தோழர். அவர் அதற்கும் ஒரு இதயம் போட்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று அதைப் படித்தேன். கூடத்தில் அவர் செல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அதே வெளிச்சம்.

மறுநாள் ஆபீசில் என் சம்மதக் கடிதம் அவர் வழியாகத்தான் போக வேண்டும். கொண்டுபோய் மேசையில் வைத்து, சார் என்றேன். படித்தார். ஏற்கனவே தெரிந்ததைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது, ஆனாலும் படித்தார். பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சொல்லிக்கொடுத்த அதே வடிவத்தில், இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு. "வச்சுட்டுப் போங்க" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தோழி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்றாள். படம் ஏதோ பார்த்தீர்களாமே என்றாள். சீனப் படம் அதற்குள் ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டது.

கிளம்பும் நாளில் அவர்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்து விட்டார். சேலம் போய் மாற வேண்டும். பெட்டியை அவரே தூக்கினார், நான் கேட்டும் தரவில்லை. ஜன்னலோரச் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். கீழே இறங்கிப் போய், காணோமே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சீப்பு சிறுமலைப் பழமும் வாங்கி வந்து என் மடியில் வைத்தார். என்னைப் பார்க்காமல் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பையன் போன் பண்ணினானா என்றார். பண்ணினான் என்றேன். வேலூர் வீட்டு ஓனரம்மாவிடம் அட்வான்சுக்கு ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா கூடையோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, வாங்க மாட்டோம் என்று தெரிந்ததும் நகர்ந்தாள். கண்டக்டர் கரூர், நாமக்கல், சேலம் என்று கூவிக்கொண்டே படியில் ஏற, என் வீட்டுக்காரர் இறங்கிக்கொண்டார். டிரைவர் சாமி படத்துக்குப் பூப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, ஒரு நிமிஷம் நின்றது. முன்னால் வேறொரு வண்டி. அவர் வேகமாக நடந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். வாயைத் திறந்தார், மூடினார். நான் தலையை வெளியே நீட்டினேன். இதோ, என்று எனக்குள் எதுவோ எழுந்து நின்றது. இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன், காலுக்குக் கீழே செருப்பைத் தேடினேன்.

"ஃப்ரிஜ்ஜுல இருக்குற மாவு எத்தனை நாளைக்கு வரும்?" என்றார்.

"புளிக்கிற வரைக்கும் வரும்" என்றேன்.